சேவைக்கு எதற்கு லைசென்ஸ் என்று கேட்ட நான்

போன வாரம் தென்காசியில் ஆட்டோவில் போய்க்கொண்டிருந்தபோது, ஒரு ஃபிளெக்ஸ் போர்டில் என்னைப் பார்த்தேன். பட்டுப்புடவை, பெரிய பொட்டு, வாயெல்லாம் பல். கையில் ஒரு பொன்னாடை. அதை ஒருவருக்குப் போர்த்திக்கொண்டிருக்கிறேன். கீழே கொட்டை எழுத்தில், ‘பிரிந்த இதயங்களைச் சேர்க்கும் சமூக சேவகர்’. அதற்கும் கீழே, ‘பிரபல எழுத்தாளர் பாராட்டு’.

அந்தப் பிரபல எழுத்தாளர் நான்தான்!

வேறு நாளாக இருந்தால் ஆட்டோவை நிறுத்தி ஒரு போட்டோ எடுத்திருப்பேன். ஃபேமிலி குரூப்பில் போட்டு, ‘ஐயோ, என் மூக்கு இவ்வளவு பெரிசா?’ என்று கேட்டிருப்பேன். நாலு பேர் ‘சூப்பரா இருக்கீங்க’ என்று சொல்ல வேண்டும் இல்லையா... அதற்குத்தான். அன்று முந்தானையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டேன்.

ஆட்டோக்காரர் கண்ணாடியில் பார்த்துவிட்டு, “தூசியாக்கா? ரோடு போடுதாவல்லா, அப்படித்தான் இருக்கும்” என்றார்.

தூசியாக இருந்தால் துடைத்துவிட்டுப் போயிருக்கலாம். எனக்கு அவமானமாக இருந்தது. ஏன் என்று சொல்லத்தான் இந்த வாரம் உட்கார்ந்திருக்கிறேன். வழக்கமான சிரிப்பை எதிர்பார்த்து வந்தவர்கள் மன்னிக்க வேண்டும்.

இந்தக் கதை குற்றாலத்தில் சாரல் தொடங்கிய சமயத்தில் ஆரம்பித்தது. என்னைப் பார்க்க ஒரு பெண் வீட்டுக்கு வந்தாள். நசீமா என்று வைத்துக்கொள்ளுங்கள். எம்.எஸ்.டபிள்யூ. படித்தவள். அதாவது சமூகப் பணியில் முதுகலை. வீட்டில் அடிபட்டு வெளியே வரும் பெண்களுக்கான ஒரு மையத்தில் ஒப்பந்த வேலை பார்க்கிறாள். அப்பா துபாயில் இருக்கிறார். ‘ஊரான் வீட்டுச் சண்டைக்கெல்லாம் நீ ஏன் போய் நிக்க?’ என்று அவர் போனில் கேட்பதைச் சொல்லிச் சிரித்தாள்.

அவள் வந்தது ஒரு கோரிக்கையோடு. “எங்க பேரப் பதிஞ்சு வைக்க எங்களுக்குன்னு ஒரு கவுன்சில் வேணும் மேடம். வக்கீலுக்கு இருக்கு, நர்ஸுக்கு இருக்கு. ஆஸ்பத்திரில வேலை பாக்குற எங்க ஆளுகளுக்கு மட்டும் இப்ப ஒரு சட்டத்துல இடம் வந்திருக்கு. மத்தவங்களுக்கு நாடு பூரா ஒண்ணும் கிடையாது. யாரு வேணும்னாலும் சோஷியல் ஒர்க்கர்னு கார்டு அடிச்சுக்கலாம். நீங்க எழுதுனா நாலு பேரு படிப்பாங்க.”

நான் என்ன சொன்னேன் தெரியுமா? “சேவை செய்யதுக்கு எதுக்கும்மா லைசென்ஸு?”

“சேவை இல்ல மேடம், வேலை” என்றாள் அவள்.

அதற்கு மேலும் ஏதோ விளக்கினாள். என் காதில் விழவில்லை. என்னைப் போல வாராவாரம் பத்திரிகையில் பத்தி எழுதுகிறவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. மனதில் தலைப்பு வந்துவிட்டால் காது அடைத்துவிடும். எனக்குத் தலைப்பு வந்துவிட்டிருந்தது. அவளுக்கு டீயும் அதிரசமும் கொடுத்து அனுப்பிவிட்டு லேப்டாப்பைத் திறந்தேன்.

உங்களில் பலருக்கு அந்தப் பத்தி ஞாபகம் இருக்கும். தாகத்தில் தவிப்பவருக்குத் தண்ணீர் கொடுக்க மூன்று காப்பியில் விண்ணப்பம். வயதானவரின் கையைப் பிடித்து ரோட்டைக் கடத்திவிட பர்மிட். அழுகிறவரைத் தேற்றுவதற்கு முன் ஆதார் நகல்... என்னென்னவோ அடித்து விட்டிருந்தேன். நீங்களும் விழுந்து விழுந்து சிரித்தீர்கள். பாராட்டு குவிந்தது. நானும் குளிர்ந்து போனேன்.

அப்படிப் பாராட்டியவர்களில் ஒருவர் வேலாயுதம் அண்ணாச்சி. பெயிண்ட் கடையோடு ஒரு சேவை அமைப்பும் நடத்துகிறவர். “தங்கச்சி, எங்க மனசுல கிடந்தத அப்படியே எழுதிட்டிய. ரேஷன் கார்டு மாதிரி சேவைக்கும் கார்டு கேக்காவளாமே!” என்று போனிலேயே சிரித்தார். குற்றாலத்தில் தன் அமைப்பின் ஆண்டு விழாவுக்குக் கூப்பிட்டார். போனேன். அவர் எனக்கு ஒரு பொன்னாடை போர்த்தினார், நான் அவருக்கு ஒன்று போர்த்தினேன். நம் ஊரில் சான்றிதழ் இப்படித்தான் வழங்கப்படுகிறது. போர்த்தியவரை யாரும் எதுவும் கேட்பதில்லை. போர்த்திக்கொண்டவரையும் கேட்பதில்லை.

ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். அண்ணாச்சி நல்லவர். வெள்ளம் வந்தபோது இடுப்பளவு தண்ணீரில் சோற்றுப் பொட்டலம் சுமந்தவர். அருவி அடித்துக்கொண்டுபோன யாரோ ஒருவரின் உடலுக்கு உறவுக்காரர் வரும்வரை கூடவே நின்றவர். இதெல்லாம் நான் கண்ணால் பார்த்தது. கெட்டவராக இருந்திருந்தால் இந்தக் கதையை எழுதுவது எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

விழா முடிந்த கொஞ்ச நாளில் எனக்கு ஒரு போன். செல்வி என்று பெயர் சொன்னாள். என் பத்தியை விடாமல் படிப்பவளாம். குற்றாலத்தில் ஒரு லாட்ஜின் சமையல்கட்டில் வேலை. கூடவே ஒரே மகள். குடித்துவிட்டு அடிக்கும் கணவனிடமிருந்து தப்பி வந்திருக்கிறாள். அவள் எங்கே இருக்கிறாள் என்று கூடப் பிறந்த தங்கச்சியைத் தவிர யாருக்கும் தெரியாது.

“அக்கா, ஒரே ஒரு ஒதவி. பாப்பாவ இங்கன ஸ்கூல்ல சேக்கணும். பழைய ஸ்கூல்ல டி.சி. வாங்கணும். அவருக்குத் தெரியாம வாங்க வழி உண்டுமா?”

அவள் கேட்டது அவ்வளவுதான். ஒரு டி.சி. கணவனுக்குத் தெரியாமல்.

நசீமாவின் நம்பர் என் போனில் இருந்தது. கொடுத்திருக்கலாம். ஏன் கொடுக்கவில்லை? அவளைக் கிண்டல் செய்து எழுதிவிட்டு அவளிடமே ஆள் அனுப்புவதா என்ற கூச்சம் ஒரு பக்கம். சின்னப் பெண்ணுக்கு என்ன செல்வாக்கு இருக்கப்போகிறது என்ற நினைப்பு மறு பக்கம். அண்ணாச்சி என்றால் ஒரு போனில் காரியம் முடியும். அவர் நம்பரைக் கொடுத்தேன். அவருக்கும் போன் செய்து, “நம்ம பிள்ள, பாத்துக்கோங்க” என்றேன். அன்று முழுக்க எனக்கு என்னைப் பற்றி மிக நல்ல அபிப்பிராயம்.

அடுத்த வாரமே அண்ணாச்சியிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு போட்டோ வந்தது. லாட்ஜ் வரவேற்பறை. நடுவில் செல்வி, பக்கத்தில் கைகூப்பியபடி ஒரு ஆள், இன்னொரு பக்கம் அண்ணாச்சி, சுற்றிலும் அவருடைய அமைப்பின் ஆட்கள். பின்னால் லாட்ஜின் பெயர் பளிச்சென்று தெரிந்தது. ‘பிரிந்திருந்த தம்பதியர் நமது முயற்சியால் ஒன்று சேர்ந்த நெகிழ்ச்சியான தருணம்’.

எனக்குக் கொஞ்சம் திக்கென்றது. அவள் சேர்த்து வைக்கச் சொல்லவில்லையே... ஆனால் ‘நல்லது நடந்திருக்கிறது, இதில் நமக்கென்ன’ என்று தோன்றியது. ஒரு சிவப்பு இதயத்தை அனுப்பினேன். அதோடு விட்டேனா? என் பரிந்துரையால் ஒரு குடும்பம் சேர்ந்தது என்று தெரிய வேண்டாமா? இன்னும் சில குரூப்புகளுக்கு நானே அதை ஃபார்வர்டு செய்தேன்.

போட்டோவில் செல்வியின் முகத்தை நான் பெரிதாக்கிப் பார்க்கவில்லை. பிறகு பார்த்தேன். அதில் உயிரே இல்லை.

போன வாரம் அவளுடைய தங்கச்சி போன் செய்தாள். வணக்கம் எல்லாம் சொல்லவில்லை.

“ஒங்கள நம்பித்தானக்கா அவ போன் பண்ணா? ஒரு டி.சி. கேட்டா. ஒரு டி.சி.தான் கேட்டா! நீங்க அவ புருசனையே கூட்டியாந்து விட்டுட்டியளே! இப்பக் கைய ஒடிச்சுட்டான்.”

“எம்மா, நான்...” என்று ஆரம்பித்தேன். அவள் விடவில்லை.

“போட்டாவ ஊரு பூரா அனுப்பிட்டிய. இனிமே அந்த லாட்ஜுக்கும் போவ முடியாது. பிள்ளையத் தூக்கிட்டு எங்கனயோ போயிட்டா. சந்தோசமா?”

போனை வைத்துவிட்டாள். நான் ஆட்டோ பிடித்தது அதற்குப் பிறகுதான். அது போய்க்கொண்டிருந்தது அண்ணாச்சியின் கடைக்கு. வழியில்தான் அந்த ஃபிளெக்ஸ்.

அண்ணாச்சி என்னைப் பார்த்ததும் எழுந்து ஸ்டூல் போட்டார். கடைப் பையனிடம் குடிக்கக் கலர் வாங்கிவரச் சொன்னார். நான் விஷயத்தைச் சொன்னேன். அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

“கைய ஒடிச்சுட்டானா? எங்கிட்ட சத்தியம் பண்ணானே தங்கச்சி... போன்லயே அழுதானே...”

“அவனுக்கு ஏன் அண்ணாச்சி போன் பண்ணீங்க?”

“டி.சி.க்கு எட்மாஸ்டரக் கேட்டேன். தகப்பன் கையெழுத்து வேணும்னாரு. சரி, தகப்பன்ட்ட பேசுவோம்னு பேசுனேன். அவன் பிள்ளையப் பாக்கணும்னு அழுதான். எனக்கு மனசு கேக்கல. புருசன் பொண்டாட்டி சண்டை எந்த வீட்டுலதான் இல்ல? சேத்து வச்சா புண்ணியம்னு நெனச்சேன்.”

“அவ சம்மதிச்சாளா? அவள்ட்ட தனியாக் கேட்டீங்களா?”

“தனியாவா?” அண்ணாச்சி பதறிவிட்டார். “என்ன தங்கச்சி பேசுதிய? ஊரான் பொண்டாட்டியத் தனியா ஒரு ரூம்புல வச்சு நான் எப்படிப் பேச? பாக்கவன் என்ன நெனப்பான்? அந்தப் பழக்கம் நம்மகிட்ட கிடையாது. புருசன், லாட்ஜ் ஓனரு, நம்ம பயலுவ, எல்லாரும் இருக்கப்பத்தான் கேட்டேன். ‘என்னம்மா, சம்மதந்தான’ன்னேன். தலைய ஆட்டிச்சே!”

அந்த மனிதரை என்ன சொல்வது? அடித்தவன் பக்கத்தில் நிற்கிறான். சம்பளம் கொடுப்பவர், ‘குடும்பப் பிரச்சினை எல்லாம் லாட்ஜுல வேண்டாம்’ என்ற முகத்தோடு எதிரில் நிற்கிறார். சுற்றிலும் ஆண்கள், கையில் தூக்கிப் பிடித்த போன்கள். அங்கே ஒரு பெண் தலையை ஆட்டாமல் வேறென்ன செய்வாள்? அண்ணாச்சி ஒழுக்கமாக நடந்துகொண்டார். அந்த ஒழுக்கம்தான் அவளைக் கொண்டுபோய் மாட்டிவிட்டது.

“அவன உண்டு இல்லன்னு பண்ணுதேன்” என்று அண்ணாச்சி போனைத் தேடினார். நான் பாய்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். “அண்ணாச்சி, கும்புட்டுக் கேக்குதேன். இனிமே யாருக்கும் போன் பண்ணாதீங்க.” அவர் கண் கலங்கிவிட்டது. எனக்கும்தான். வாங்கிவந்த கலரை இரண்டு பேரும் குடிக்கவில்லை.

மறுநாள் நசீமாவின் மையத்துக்குப் போனேன். மேஜையில் ஃபைல்களை ஒதுக்கிவிட்டு எலுமிச்சம்பழச் சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் டப்பாவை மூடினாள்.

“சாப்பிடும்மா” என்றேன்.

“பரவால்ல மேடம். உங்க பத்தியப் படிச்சேன். இங்க போர்டுல ஒட்டி வச்சிருந்தாங்க. டிரைவர் அண்ணன் வாய்விட்டுச் சிரிச்சாரு.”

குத்தலாகச் சொன்னாளா, சாதாரணமாகச் சொன்னாளா என்று இன்றுவரை தெரியவில்லை. நான் நடந்ததை எல்லாம் கொட்டினேன். இதயம் அனுப்பியது, ஃபார்வர்டு செய்தது உள்பட. பிறகு கேட்டேன். “செல்வி இங்க வந்தாளா?”

“சொல்ல முடியாது மேடம்.”

“ஆமா இல்லன்னு ஒரு வார்த்தை சொல்லும்மா. எனக்குச் சோறு எறங்கல.”

“வந்தாங்கன்னும் சொல்ல மாட்டேன், வரலன்னும் சொல்ல மாட்டேன். யாரு கேட்டாலும் அப்படித்தான். எங்க அம்மா கேட்டாலும் அப்படித்தான்.”

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. இந்த ஊரில் என்னிடம் யாரும் ‘சொல்ல முடியாது’ என்று சொன்னதில்லை. ‘நான் யாருன்னு தெரியுமா?’ என்பது நாக்கு நுனிவரை வந்துவிட்டது. நல்லவேளை, விழுங்கிவிட்டேன். ஏனென்றால் அதே நிமிடம் ஒன்று உறைத்தது. இந்த ஒரு வாக்கியத்தை, ‘சொல்ல முடியாது’ என்பதை, நானோ அண்ணாச்சியோ எந்தக் கட்டத்திலாவது சொல்லியிருந்தால் செல்வியின் கை இன்று நன்றாக இருந்திருக்கும்.

“நீயா இருந்தா என்ன பண்ணியிருப்பே?” என்று கேட்டேன்.

“கதவைச் சாத்திட்டு அவங்களோட மட்டும் பேசியிருப்பேன். அதுதான் முதல்ல. திரும்பிப் போறேன்னு அவங்களே சொன்னாலும், திரும்ப அடிச்சா எங்க ஓடணும், யாரக் கூப்பிடணும்னு பேசி வச்சிட்டுத்தான் விடுவேன். டி.சி.க்கு வேற வழி இருக்கு. அவர்கிட்டப் போக வேண்டியதே இல்ல.” மூடிய டப்பாவை ஓரமாக நகர்த்தினாள். “நானும் தப்புப் பண்ணியிருக்கேன் மேடம். வேலைக்குச் சேந்த புதுசுல, கேட்டது சொந்தக்காரர்தானேன்னு ஒரு பொண்ணோட அட்ரஸச் சொல்லிட்டேன். அடுத்த நாள் அவங்க புருஷன் அங்க போய் நின்னுட்டாரு. அந்தப் பொண்ணுக்கு என் மேல யார்கிட்டப் புகார் குடுக்கணும்னே தெரியல. எனக்கும் தெரியல. மிஞ்சிப் போனா வேலைய விட்டு எடுப்பாங்க. அடுத்த வாரமே வேற என்.ஜி.ஓ.ல சேந்துருவேன். யாரு கேப்பா?”

ஒதுக்கி வைத்திருந்த ஃபைல்களைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

“அதுக்குத்தான் ரிஜிஸ்டர் கேட்டேன். பேருக்குப் பின்னால போட்டுக்கிறதுக்கு இல்ல மேடம். நான் தப்புப் பண்ணா என் பேர வெட்டி எடுக்கிறதுக்கு ஒரு இடம் வேணும்.”

யோசித்துப் பாருங்கள். தன்னைத் தண்டிக்க ஒரு இடம் வேண்டும் என்று கேட்டு என் வீட்டுப் படியேறி வந்திருக்கிறாள் ஒரு பெண். நான் அவளைப் பட்டத்துக்கு அலைகிறவள் என்று நினைத்து, ஊரைக் கூட்டிச் சிரித்திருக்கிறேன்.

குற்றாலத்தில் பரோட்டா போடுகிறவர் கடைச் சுவரில் உணவு லைசென்ஸ் தொங்குகிறது. என்னை ஏற்றிப்போன ஆட்டோக்காரரிடம் லைசென்ஸ் இருந்தது. மருந்துக்கடை வைக்கப் படித்தவர் வேண்டும். ஆனால் ஒரு பெண்ணின் உயிரும் வீடும் பிள்ளையும் சம்பந்தப்பட்ட விஷயத்தில் கை வைக்க என்ன வேண்டும்? ஒரு ஃபிளெக்ஸ். ஒரு பொன்னாடை. போர்த்திவிட என்னைப் போல ஒரு ஆள்.

பதிவு வந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்ல வரவில்லை. பதிவு செய்த டாக்டர்களும் தப்புச் செய்கிறார்கள், வக்கீல்களும் செய்கிறார்கள். ஆனால் அங்கே புகார் கொடுக்க ஒரு கதவாவது இருக்கிறது. தட்டினால் திறப்பார்களா என்பது வேறு விஷயம். இங்கே கதவே இல்லை. சோற்றுப் பொட்டலம் கொடுக்க யாரிடமும் அனுமதி வாங்க வேண்டாம். அண்ணாச்சி தாராளமாகக் கொடுக்கட்டும், நானும் கூட வருகிறேன். அடுத்தவர் குடும்பத்தின் ரகசியத்தைக் கையில் வாங்குவது அந்த ரகம் இல்லை. இந்த வித்தியாசம் தெரியாமல்தான் அவரும் நானும் மேடையில் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றிருக்கிறோம்.

அண்ணாச்சி அந்த ஃபிளெக்ஸை எடுத்துவிட்டார். நான் கேட்காமலே எடுத்தார்.

நசீமாவிடம் கிளம்பும்போது, “இத எழுதலாமா?” என்று கேட்டேன். முதன்முறையாக அப்படி ஒரு கேள்வியை யாரிடமாவது கேட்கிறேன் என்று நினைக்கிறேன். இத்தனை வருடமாக எத்தனை பேர் வீட்டுக் கதையை எழுதியிருக்கிறேன்!

“என்கிட்டக் கேக்காதீங்க மேடம். அது என் கதை இல்ல” என்றாள்.

செல்வியின் தங்கச்சிக்குத் தயங்கித் தயங்கி ஒரு மெசேஜ் அனுப்பினேன். மன்னிப்புக் கேட்டேன். அவள் அக்காவுக்குச் சம்மதம் என்றால் மட்டும் எழுதுகிறேன், இல்லையென்றால் விட்டுவிடுகிறேன் என்றேன். பதில் வரவில்லை. சரி, அதுவும் ஒரு பதில்தான் என்று இந்த வாரத்துக்கு வேறு எதையோ எழுத ஆரம்பித்தேன். கை ஓடவில்லை.

நேற்று அவளே போன் செய்தாள்.

“நல்லா இருக்கா. பாப்பா ஸ்கூலுக்குப் போவுதா. எங்கனன்னு கேக்காதிய.”

“கேக்க மாட்டேம்மா.”

“எழுதச் சொன்னா. பேரு, ஊரு, பாத்த வேல எல்லாத்தையும் மாத்திரணுமாம். அந்த அண்ணாச்சி பேரையும் மாத்திரச் சொன்னா. பாவம், அவருக்குத் தெரியாதுன்னா.”

“மாத்திருதேம்மா. எல்லார் பேரையும் மாத்திருதேன்.”

“எல்லார் பேரையும் இல்ல” என்றாள். “ஒங்க பேர மட்டும் மாத்தாமப் போடச் சொன்னா.”

போட்டிருக்கிறேன், செல்வி. மேலே, வழக்கமான இடத்தில்.